நின்றபடி அளந்த புகை

பரந்தன்
19.05.2025

தங்கை நிசாந்தினிக்கு,

கடந்த பதினொரு நாட்களாக உன்னுடைய தொலைபேசி என் அழைப்பை ஏற்கவில்லை. முதல் மூன்று நாட்களும் மின்னேற்றம் இல்லையென்று எண்ணியிருந்தேன். நான்காம் நாள் அலுவலகத் தொலைபேசியிலிருந்து அழைத்தபோது உடனே எடுத்தாய். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். ஆகவே எழுதுகிறேன். கடிதத்தைக் கோபத்தில் கிழிப்பவர்கூட அதற்கு முன் முதல் வரியையாவது பார்த்துவிடுவார்.

நடந்ததை வரிசைப்படி சொல்கிறேன். மே மாதம் 8ஆம் திகதி வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்கு உன் கணவர் தங்கராசா தமது பஸ்ஸை, நான் பொறுப்பாக உள்ள புகைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுவந்தார். என்ஜினைச் சூடாக்கி, புகைக்குழாயினுள் கருவியின் முனையைச் செலுத்தி, மிதியை முழுவதும் அழுத்தி விடுவித்து, விதியில் உள்ளபடி அளந்தோம். ஒவ்வொரு தடவையும் அளவு வரம்பைத் தாண்டியது. கடைசித் தடவை எழுந்த புகையில் பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு போனார். சித்தியடையவில்லை என்ற பத்திரத்தில் நான் கையொப்பமிட்டேன். புகைச் சான்றிதழ் இல்லாமல் இவ்வாண்டு வருமான உத்தரவுப்பத்திரம் எடுக்க முடியாது, அது இல்லாமல் பஸ் ஓட முடியாது என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தங்கராசா பத்திரத்தை வாங்கிக்கொண்டு, “மச்சான், வேற ஆரும் எண்டால் பரவாயில்லை. நீங்களே உங்கடை கையால தந்து போட்டியள், பாத்தியளே?” என்றார். “கையைப் பாராதையும் தங்கராசா, அளவைப் பாரும்” என்றேன். வரிசையில் நின்ற முச்சக்கரவண்டிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அதை நான் அறைக்குள் அழைத்துச் சொல்லியிருக்கலாம். அந்த அளவில் பிழை என்னுடையது.

பத்திரத்தில் எழுத இடமில்லாத ஒன்றையும் கண்டேன். கியர் தடியின் அடியிலுள்ள ரப்பர் விரிப்பு கிழிந்திருக்கிறது. என்ஜின் புகை அதன் வழியாக உள்ளே வருகிறது. அதற்கு அருகிலுள்ள ஒற்றைச் சீற்றில்தான், தகப்பனின் கண் படும் இடம் என்று, மருமகள் யதுர்ஷிகா தினமும் இருந்து பாடசாலைக்கு வருகிறாள். ஆறாம் வகுப்புக்கு நகரப் பாடசாலையில் சேர்ந்த பிறகே பிள்ளைக்கு மூச்சு முட்டு வருகிறது என்று சித்திரை வருடப்பிறப்பன்று நீதான் சொன்னாய். நான் வைத்தியன் அல்லன். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

என்ஜினுக்குள் டீசல் பீய்ச்சும் நொசில்களைச் சரிசெய்து, அந்த ரப்பரையும் மாற்றி, மீண்டும் கொண்டுவரச் சொல்.

அண்ணன்,
யோகநாதன்


ஸ்கந்தபுரம்
27.05.2025

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. தொலைபேசியில் கதைத்தால் எனக்கு அழுகை வரும், நீங்கள் அழுகைக்கு நடுவிலும் “ஒழுங்காச் சொல்லு, எத்தனை மணிக்கு?” என்று கேட்பீர்கள். அதனால்தான் எடுக்கவில்லை.

இனி நீங்கள் கவலைப்பட வேண்டாம். பஸ் சித்தியடைந்துவிட்டது. இவர் அதை வவுனியாப் பக்கம் கொண்டுபோய்ச் சோதித்து வந்துவிட்டார். எப்படி என்று உங்களுக்குத் தெரியும். முதல்நாள் பின்னேரம் மெக்கானிக் பழனியாண்டி அண்ணை வந்து டீசல் பம்பின் திருகாணியைத் திருப்பி, டீசல் குறைவாகப் போக வைத்தார். பம்ப் இறக்குவது என்று சொல்லுவார்கள். அப்படி இறக்கினால் புகை வராது, இழுவையும் வராது. வெறும் பஸ்ஸாகப் போய்ச் சோதனை முடித்து, திரும்பி வரும் வழியிலேயே மறுபடி ஏற்றிக்கொண்டு வந்தார். இதை ஒளிக்கவில்லை. எல்லாரும் செய்வதுதான்.

ஏற்றாமல் விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். விட்டுப் பார்த்தோம் அண்ணா. நீங்கள் எழுதியதைக் காட்டினேன், அவரும் பம்பை மறுபடி இறக்குவித்து ஒரு நாள் ஓடினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுமாக எழுபது பேர். அக்கராயன் குளக்கட்டு ஏற்றத்தில் பஸ் நின்றுவிட்டது. ஆம்பிளைகளை இறக்கி நடக்க விட்டுத்தான் ஏறியது. “காசையும் குடுத்து காலாலயும் நடக்கிறதோ தங்கராசா? அப்ப பஸ்ஸை நாங்கள் கொண்டு போறம், நீர் பின்னால வாரும்” என்று ஒருவர் பகிடி விட்டாராம். எட்டு நிமிடம் பிந்தியதற்கு டைம் கீப்பர் எங்கள் முறையைப் பின்னால் வந்த பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டார். அன்று பின்னேரமே ஏற்றிவிட்டார்கள்.

நீங்கள் வெறும் பஸ்ஸை, நின்றபடி வைத்து அளக்கிறீர்கள். எங்கள் பஸ் ஆட்களோடு ஓடுகிறது. இதற்கு உங்களிடம் ஒரு கருவி இருந்தால் சொல்லுங்கள்.

ரப்பர் விரிப்பை மாற்றிவிட்டார். நொசில் கழற்றினால் இரண்டு மூன்று நாள் பஸ் நிற்கும், அந்த நாட்களில் பிள்ளைகள் எப்படிப் போவது என்றுதான் தள்ளிப் போடுகிறார். வீட்டுக்கு வாருங்கள். கையில் பத்திரம் ஒன்றும் இல்லாமல் வாருங்கள்.

நிசா


பரந்தன்
03.06.2025

தங்கை நிசாந்தினிக்கு,

உன் கேள்விக்குரிய கருவி என்னிடம் இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண் இருக்கிறது.

நேற்றுக் காலை ஒரு மணித்தியாலம் விடுப்பெடுத்து, கிளிநொச்சியில் உங்கள் பஸ் பிள்ளைகளை இறக்கும் இடத்துக்கு எதிரே நின்றேன். பஸ் புறப்பட்டபோது பின்னால் வந்த சைக்கிள்காரர் இறங்கி நின்று, புகை கலையும்வரை காத்திருந்து, பிறகு ஏறிப் போனார். யதுர்ஷிகா வெள்ளைச் சீருடையோடு இறங்கி வந்தாள். என்னைக் கண்டதும் கை காட்டினாள். மற்றக் கையால் கைக்குட்டையை மூக்கில் பிடித்திருந்தாள். பழகிய கை அது. பஸ் போய் முடிந்ததும் கைக்குட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு காலைக் கடமையாகிவிட்டது.

எல்லாரும் செய்வதுதான் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்தபோது, என் மேசையில் வருடம் முழுவதும் சேர்ந்த பதிவேடு ஒரே நாளில் பெறுமதி இழந்ததுபோல் இருந்தது. சோதனை செய்யும் அரை மணித்தியாலம் மட்டும் இந்த மாவட்டத்தின் காற்றைச் சுத்தமாக வைத்திருப்பதற்காகவா நான் கையொப்பமிட்டுக்கொண்டிருக்கிறேன்?

வீதியில் புகை கக்கும் வாகனத்தை அதிகாரிகளுக்கு அறிவிக்க ஒரு முறை இருக்கிறது. யாரும் அறிவிக்கலாம். நான் அறிவிக்காமல் இருந்தால், அது என் மைத்துனரின் பஸ் என்பதே காரணம் என்றாகும். ஏழு நாட்கள் தருகிறேன். அதற்குள் நொசில்களைச் சரிசெய்தால் போதும், மீண்டும் சோதிக்கவும் வேண்டாம், உன் சொல்லை ஏற்பேன். ஏழு நாள் கடந்தால் நான் செய்ய வேண்டியதைச் செய்வேன். இதை அச்சுறுத்தலாக எடுக்காதே. முன்கூட்டிச் சொல்வது நேர்மை என்றே நினைத்து எழுதுகிறேன்.

யோகநாதன்


ஸ்கந்தபுரம்
21.06.2025

அண்ணாவுக்கு,

நேற்று வெள்ளிக்கிழமை காலை எங்கள் பஸ்ஸை வீதியில் மறித்தார்கள். பொலிசும் கருவியோடு இரண்டு அதிகாரிகளும் நின்றார்கள். எல்லாரையும் இறக்கினார்கள். இவர் “என்ன ஐயா, லைசன்ஸ் எல்லாம் கிடக்குத்தானே” என்று கேட்க, “எழுத்தில முறைப்பாடு வந்திருக்கு. இலக்கம், ஓடுற நேரம், நிக்கிற இடம், எல்லாம் வடிவா எழுதியிருக்கு” என்றாராம் அந்த அதிகாரி. உடனே எங்கள் கொண்டக்டர், “அப்பிடி வடிவா எழுதுற ஆள் இந்த மாவட்டத்தில ஒருத்தர்தான் அண்ணை” என்றிருக்கிறான். இவர் மட்டும் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

திருத்தி, மறுபடி சோதிக்கும்வரை பஸ் ஓடக்கூடாதாம். யதுர்ஷிகா மற்றப் பிள்ளைகளோடு வீதியில் நின்று பார்த்திருக்கிறாள்.

ஏழு நாள் தந்தேன் என்பீர்கள். உங்கள் கடிதம் இங்கே 13ஆம் திகதிதான் வந்தது. தபால்காரர் எங்கள் பக்கம் கிழமையில் இரண்டு நாள்தான் வருவார், அதில் ஒரு தரம் அவருக்குச் சுகமில்லை. நாங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து எண்ணினோம். 20ஆம் திகதிவரை நேரம் இருக்கிறது என்று இவர் சொன்னார். “சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. வெள்ளி பின்னேரம் கழட்டினால் திங்கள் விடிய ஓடலாம். மச்சானுக்கு இந்தமுறை ஒரு கதையும் வைக்கக்கூடாது” என்று பழனியாண்டி அண்ணையைச் சொல்லி வைத்திருந்தார். வெள்ளி காலைதான் மறித்தார்கள்.

நீங்கள் எந்த நாளிலிருந்து எண்ணினீர்கள் அண்ணா?

நிசாந்தினி


பரந்தன்
26.06.2025

தங்கைக்கு,

கடிதத்தில் நான் இட்ட திகதியிலிருந்து எண்ணினேன். 10ஆம் திகதி ஏழு நாள் நிறைந்தது. 11ஆம் திகதி காலை முறைப்பாட்டை அனுப்பினேன். அலுவலகங்களில் அப்படித்தான் எண்ணுவோம். கடிதம் கையில் கிடைத்த நாளை நான் நினைத்தே பார்க்கவில்லை. இருபத்தாறு வருடமாகத் திகதி எழுதிப் பழகியவன் இப்படிப் பிழை விட்டிருக்கிறேன். இதற்கு விளக்கம் சொல்வது இன்னொரு பிழையாகும்.

நேற்று அதிகாரிகளிடம் நேரில் போனேன். முறைப்பாட்டை மீளப்பெற வேண்டுமென்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்தவர் இளையவர், மரியாதையாகத்தான் பேசினார். “ஐயா, முறைப்பாடு பொய்யா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப எப்பிடி மீளப்பெறுறது? அளவு வரம்பைத் தாண்டித்தானே கிடக்கு” என்றார். அவருடைய கதிரையில் நான் இருந்திருந்தால் அதே இரண்டு கேள்விகளையும் அதே ஒழுங்கில் கேட்டிருப்பேன்.

நொசில்கள் திருத்தியாகிவிட்டனவா? பிள்ளை எப்படிப் பாடசாலைக்குப் போகிறாள் என்று நீ எழுதவில்லை. ஒரு யோசனை: பஸ் ஓடும்வரை யதுர்ஷிகா எங்கள் வீட்டில் இருக்கட்டும். உன் மச்சாளும் விரும்புகிறாள். முன்னறையைத் துடைத்து வைத்திருக்கிறோம்.

யோகநாதன்


ஸ்கந்தபுரம்
11.07.2025

அண்ணாவுக்கு,

பிள்ளையை நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இப்போது மூச்சு ஒழுங்காக இருக்கிறது. அதை முதலில் எழுதுகிறேன்.

பஸ் நின்றதிலிருந்து பக்கத்துக் காணிக்காரர்தான் பிள்ளைகளைத் தன்னுடைய லாண்ட் மாஸ்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நல்ல மனிதர், ஒரு சதமும் வாங்கவில்லை. பதினொரு பிள்ளைகள், மேலே வெயிலுக்குப் படங்கு. கை உழவு இயந்திரம் எப்படி ஓடும் என்று உங்களுக்குத் தெரியும், என்ஜின் முன்னால், பெட்டி பின்னால். குழாய்ப் புகை முழுக்கப் படங்குக்குள்தான் வந்து அடையும். முதல் கிழமை யதுர்ஷிகா என்ஜினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். இரண்டாம் கிழமை பாதி வழியில் வாயைத் திறந்து திறந்து மூச்சு எடுத்திருக்கிறாள். இன்ஹேலர் அடித்தும் நிற்கவில்லை. அதே லாண்ட் மாஸ்டரில்தான் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள், வேறு வாகனம் இல்லை.

முகத்தில் மூடி போட்டு மருந்துப் புகை பிடித்தார்கள். பெண் டொக்டர் என்னைக் கேட்டா, “அம்மா, வீட்டில விறகு அடுப்போ?” “இல்லை டொக்டர், காஸ்.” “அப்ப எங்கத்தைப் புகை?” “பள்ளிக்கூடம் போற புகை” என்றேன். அவா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. அதற்கு அவாவின் கடதாசியிலும் இடம் இல்லைப் போல.

லாண்ட் மாஸ்டருக்கு உங்கள் சான்றிதழ் கேட்கமாட்டார்களாம். இவர்தான் சொன்னார். ஆகவே அதைப் பற்றி நீங்கள் எழுதிப் போட வேண்டாம். அதுவும் நின்றால் பிள்ளைகள் வீட்டில்தான்.

நொசில் மாற்றியாகிவிட்டது. புகை குறைந்தது, நிற்கவில்லை. பம்பே தேய்ந்துபோயிற்றாம். “இந்தப் பம்புக்குச் சாமான் வாறது நிண்டு போச்சு தங்கச்சி. கழிச்ச பஸ் எங்கையாவது கிடந்தால்தான் கழட்டலாம்” என்று பழனியாண்டி அண்ணை சொல்கிறார். இவர் அனுராதபுரம் வரைக்கும் போய்த் தேடிவிட்டு வெறும் கையோடு வந்தார். பஸ் வளவுக்குள் நிற்கிறது. காலை ஆறரைக்கு எழும்பிப் போய் ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் கேட்டுவிட்டு நிறுத்துவார்.

உங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று எழுதியதைப் பிள்ளைக்குச் சொன்னேன். “நான் மாமா வீட்டை போனால் அப்பா நினைப்பார், நானும் அவரோடை கோவம் எண்டு” என்றாள். அதன் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நீங்கள் ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியே நின்றதைக் கண்டேன். பிள்ளையும் கண்டது. “மாமா ஏன் உள்ளுக்கு வரேல்லை?” என்று கேட்டது. மறுமொழியை நீங்களே எழுதுங்கள்.

நிசா


பரந்தன்
17.07.2025

தங்கைக்கு,

மருமகளுக்கு மறுமொழி இது. அன்று வேலையிலிருந்து நேராக வந்தேன். அன்று மட்டும் நாற்பத்தொரு வாகனங்களைச் சோதித்தோம். ஒவ்வொன்றையும் முழு வேகத்துக்கு மிதித்துத்தான் அளக்கிறோம். வாட்டு வாசலில் ஒரு தாதி என்னைக் கடந்து போகும்போது மூக்கைச் சுளித்துத் திரும்பிப் பார்த்தா. சட்டையை முகர்ந்து பார்த்தேன். அந்தச் சட்டையோடு பிள்ளையின் கட்டிலருகே போகக்கூடாது என்று நின்றுவிட்டேன். வீட்டுக்குப் போய் முழுகி உடை மாற்றி வந்தபோது பார்வை நேரம் முடிந்திருந்தது. வாயிற்காவலரிடம் கெஞ்சியிருக்கலாம். எனக்கு அது வராது.

தேய்ந்த பம்புக்காக நானும் எனக்குத் தெரிந்த நான்கு இடங்களில் விசாரித்தேன். இல்லை. இனி உதிரிப்பாகம் கிடைக்காத ஒரு பஸ்ஸுக்கு, திருத்திக்கொண்டு வா என்று பத்திரம் எழுதிக் கொடுத்தவன் நான்.

உங்கள் வழித்தடத்துக்குத் தற்காலிகமாக வேறு பஸ் விடும்படி பிள்ளைகளின் பெற்றோர் பெயரில் ஒரு மனு எழுதி, பதினொரு பேரிடமும் ஒப்பம் வாங்கச் சொல்லிப் பாடசாலை அதிபரிடம் கொடுத்திருக்கிறேன். என் பெயர் அதில் இல்லை. சம்மதம் வரும் போலிருக்கிறது என்று நேற்று அறிந்தேன். அது தங்கராசாவின் வழித்தடத்தை இன்னொருவருக்குக் கொடுப்பதாகவும் ஆகும். தெரிந்தே எழுதினேன். பிள்ளை அந்தப் பெட்டியிலிருந்து இறங்க வேண்டும். வேறு வழி எனக்குப் புலப்படவில்லை.

யோகநாதன்


ஸ்கந்தபுரம்
28.07.2025

அண்ணாவுக்கு,

புது பஸ் போன திங்கட்கிழமையிலிருந்து ஓடுகிறது. மனு எழுதியது நீங்கள்தான் என்று முதல் வரியிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இவர் வாசித்துவிட்டு, “நல்லாத்தான் எழுதியிருக்கிறார்” என்று தானும் தகப்பன் என்ற இடத்தில் ஒப்பம் வைத்தார்.

புது பஸ் என்று எழுதிவிட்டேன். ஓடித் தேய்ந்த பஸ், பெயின்ற் மட்டும் புதிது. முதல் நாள் பிள்ளைகள் சந்தோசமாக ஏறினார்கள். பஸ் எடுத்தபோது சந்தி கறுத்துவிட்டது. எங்களுடையதைவிட மோசம் அண்ணா. பொய் சொல்லவில்லை, உங்களுக்கு முன்னால் நான் எதையும் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

பின்னேரம் இவர் சந்திக்குப் போனார். சண்டைக்குப் போகிறாரோ என்று பயந்து நானும் பின்னால் போனேன். ட்ரைவரிடம், “தம்பி, புகை டெஸ்ட் பத்திரம் ஒருக்கால் பாக்கலாமோ?” என்றார். அந்தப் பெடியன் எடுத்துக் காட்டினான். எல்லாம் சரி. அளவு வரம்புக்கு நல்லாக் கீழே. ஜூன் மாதம் 24ஆம் திகதி. கீழே உங்கள் கையொப்பம்.

இவர் பத்திரத்தை இன்னொருக்கால் மேலிருந்து வாசித்தார். பிறகு கேட்டார், “பம்ப் எங்கை இறக்கினனீங்கள்?”

“எங்கடை பழனியாண்டி அண்ணையிட்டைத்தான். ஏன் அண்ணை?”

“இல்லை, சும்மா” என்று பத்திரத்தை மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டு வாசலில் வந்துதான், “மச்சானுக்கு எழுதாதை. பாவம்” என்றார்.

நான் எழுதுகிறேன். யதுர்ஷிகாவுக்கு வெள்ளிக்கிழமை மறுபடி இழுக்கத் தொடங்கிவிட்டது. இந்த பஸ்ஸை என்ன செய்வது அண்ணா? சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைச் செய்கிறோம்.

நிசா


பரந்தன்
01.08.2025

தங்கை நிசாவுக்கு,

இதைத் தபாலில் சேர்க்கவில்லை. அந்தப் புது பஸ்ஸின் கொண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். இன்றே உனக்குக் கிடைக்கும்.

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஜூன் 24, பிற்பகல் இரண்டு ஐந்து. என்ஜின் சூடு சரி. அழுத்திய தடவைகள் சரி. அளவு சரி. கையொப்பம் என்னுடையது. உங்கள் பஸ் நின்று நான்காம் நாள். அன்று அந்த பஸ் சித்தியடைந்தபோது, ஒழுங்கான வாகனம் ஒன்றாவது வந்ததே என்று என் உதவியாளரிடம் சொன்னதும் நினைவிருக்கிறது.

என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். மூன்று நாள் யோசித்தேன். அறிவித்தால் இந்த பஸ்ஸும் நிற்கும். திங்கட்கிழமை பிள்ளைகள் பெட்டியில் ஏறுவார்கள். அறிவிக்காவிட்டால் அது இப்படியே ஓடும். சான்றிதழை ரத்துச் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. அது பிழையாக வழங்கப்பட்டதுமல்ல. ஓடுகிற பஸ்ஸை ஆட்களோடு அளக்க வேண்டும் என்று தலைமையகத்துக்கு மின்னஞ்சலில் நான்கு பக்கம் எழுதினேன். கிடைத்தது என்று ஒரு வரி பதில் வந்திருக்கிறது. உங்கள் எல்லாரையும் செய்யச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, நிசா. இந்த வசனத்தை எழுத எனக்கு மூன்று நாள் எடுத்தது.

திங்கட்கிழமைக்கு விடுப்பு எடுத்திருக்கிறேன். ஞாயிறு பின்னேரம் முழுகி, தோய்த்த உடுப்போடு அங்கே வருகிறேன். தங்கராசா வாசலில் நின்று போகச் சொன்னால் சந்தியில் படுத்துக்கொள்வேன். காலையில் மருமகளோடு அந்த பஸ்ஸில் ஏறி, கிளிநொச்சிவரை அவளுக்குப் பக்கத்தில் இருப்பேன். இன்ஹேலரை என் சட்டைப் பையில் வைத்துவிடு. அதனால் புகை குறையாது என்று எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் அவளிடம் கேட்டு வை. யன்னலைத் திறந்தால் புகை கூடுதலாக வருகிறதா, பூட்டினால் கூடுதலாக வருகிறதா? எனக்குத் தெரியாது. நான் இதுவரை உள்ளே இருந்து பார்த்ததில்லை.

அண்ணா